குசினில பறக்கறது பழ ஈ இல்ல, கள்ளு ஈ

சீனப் பெருநாள் முடிஞ்சு ரெண்டு வாரம் இருக்கும். சுங்கை சிப்புட்ல அம்மா வீட்டுக்குப் போனேன், குசினில கால் வச்சா எள்ளை வாரி இறைச்ச மாதிரி குட்டிக் குட்டி ஈ, வாழைத்தார் மேல ஒரு கூட்டம், சிங்க் பக்கத்துல ஒரு கூட்டம், கோப்பிய வச்சுட்டு திரும்பறதுக்குள்ள கிளாஸ்ல ரெண்டு மிதக்குது. அம்மா ஸ்ப்ரே அடிச்சு அடிச்சே ஒரு டின்ன காலி பண்ணிட்டாங்க. "பழம் அழுகினா அதுலயே தானா உண்டாயிடுதுடா"ன்னு அவங்க கட்சி.

தானா உண்டாகறதில்ல. 1668லயே ஃபிரான்செஸ்கோ ரெடின்னு ஒரு இத்தாலிக்காரர் இறைச்சிய ஜாடில போட்டு சிலத மூடி சிலத தெறந்து வச்சு பாத்துட்டாரு, மூடின ஜாடி இறைச்சில புழுவே வரல. ஈ வந்து முட்டை போட்டாத்தான் புழு. ஆனா அம்மா பேச்சுல பாதி சரி, அழுகினாத்தான் இந்த ஈ வரும், நல்ல பழத்த அது திரும்பிக்கூட பாக்காது.

எங்க தாத்தா ரப்பர் மரம் சீவினவரு. சாயங்காலம் தோட்டத்து கள்ளுக்கடைல குந்தினா கோப்பைய ஒருவாட்டி ஊதிட்டுத்தான் வாயில வைப்பாராம், மேல ஈ மிதக்குமாம். அந்தக் கூட்டந்தான் இது, பேரு ட்ரோசோஃபிலா, மூணு மில்லிமீட்டர் நீளம்கூட வராது, செவப்பு கண்ணு. நாம பழ ஈன்னு கூப்பிடறோம், ஆனா அது தேடி வர்றது பழத்த இல்ல, பழத்துல வளர்ற ஈஸ்ட்ட. ஈஸ்ட் பழத்துச் சீனிய தின்னு சாராயமாக்குது, அப்புறம் பாக்டீரியா வந்து அந்த சாராயத்த புளிப்பாக்கி வினிகரா மாத்துது, அந்த புளிச்ச வாசம் காத்துல வந்ததுமே ஈயோட உணர்கொம்பு பிடிச்சிடும். தாய் ஈயும் ஈஸ்ட்டதான் திங்குது, புழுவும் அதத்தான் திங்குது. கள்ளு, புளிச்ச தோசை மாவு, கொட்டாம விட்ட பீர் டின், அடில குழைஞ்சு போன வாழைப்பழம், எல்லாமே அதுக்கு ஒரே கடைதான்.

(கொய்யாவ வெட்டினா உள்ள நெளியுமே, அது வேற ஈ. அது பெருசு, கொம்பு மாதிரி ஒண்ணால காய்லயே ஓட்ட போட்டு முட்டைய உள்ள வச்சிடும், அதுக்குப் பயந்துதான் நட்சத்திரப் பழத்த மரத்துலயே பேப்பர் சுத்தி வைக்கறாங்க. நம்ம குசினி ஈயால நல்ல தோல குத்த முடியாது. வெடிப்பு, காம்பு வெட்டின இடம், அடிபட்ட இடம், அவ்வளவுதான்.)

இப்ப வினிகர் பொறி, அதாவது ஒரு கிளாஸ்ல வினிகர ஊத்தி ஈய விழ வைக்கறது. எல்லாரும் வைக்கறாங்க, சிலருக்கு விழுது சிலருக்கு விழல. கடைல மலிவா கிடைக்கற போத்தல்ல 'சுக்கா தீருவான்'னு எழுதியிருந்தா அது செயற்கை வினிகர், அசெட்டிக் அமிலத்துல தண்ணி கலந்தது, பழ வாசமே இருக்காது. ஆப்பிள் வினிகர் நல்லா வேலை செய்யும். அது இல்லன்னா நான் செஞ்ச மாதிரி செய்யலாம், கருத்துப்போன வாழைப்பழம் ஒரு துண்டு, ஒரு ஸ்பூன் சீனி, ரொட்டிக்குப் போடற ஈஸ்ட் ஒரு சிட்டிகை, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணி, ஒருநாள் வச்சா குட்டிக் கள்ளுக்கடையே தெறந்தாச்சு. வினிகர் ரொம்ப கெட்டியா இருந்தாலும் கெட்டது: வாசம் லேசா இருந்தா ஈ ஓடி வருது, ரொம்ப தூக்கலா இருந்தா இன்னொரு நரம்பும் சேர்ந்து முழிச்சுக்கிட்டு விலகிப் போகச் சொல்லுதுன்னு 2009ல ஒரு ஆராய்ச்சில காட்டியிருக்காங்க.

பாத்திரம் கழுவற சோப்பு ரெண்டு சொட்டு கண்டிப்பா விடணும். ஈ ஒண்ணோட எடை ஒரு மில்லிகிராம்தான் இருக்கும், தண்ணி மேல ஒரு தோல் மாதிரி இழுவை இருக்கு பாருங்க, அதுலயே சொகுசா நின்னு குடிச்சுட்டு பறந்துடும், சோப்பு அந்த இழுவைய ஒடச்சா முழுகிடும். கிளாஸ் வாய பிளாஸ்டிக்கால மூடி ஊசி ஓட்ட நாலு போட்டா இன்னும் நல்லது. உள்ள போறப்ப வாசம் வழி காட்டுது, வெளிய வர வழி காட்ட ஒண்ணுமில்ல, வெளிச்சத்தப் பாத்து மேலயும் சுவத்துலயும் முட்டிக்கிட்டே இருக்கும்.

இவ்வளவு செஞ்சு மறுநாள் பாத்தா பொறில முப்பது நாப்பது கெடக்கு, குசினில பறக்கறது மட்டும் கொறையவே இல்ல. ஏன்னா பறக்கறது கடைசி கட்டம். 25 டிகிரில முட்டைலேருந்து ஈயா வர சுமார் 10 நாள்: ஒருநாள்ல முட்டை வெடிக்கும், நாலஞ்சு நாள் புழு, அப்புறம் நாலு நாள் கூடு. 18 டிகிரின்னா அதுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நாளாகும், ஆனா நம்ம ஊர்ல குளிர் ஏது, வருசம் பூரா அதுக்கு சீசன்தான். ஒரு தாய் ஈ வாழ்நாள்ல நூத்துக்கணக்குல முட்டை போடும். ஸ்ப்ரேயோ பொறியோ பறக்கறத மட்டுந்தான் கொல்லுது, கொழகொழன்னு இருக்கற பழத்துக்குள்ள நெளியற புழுவுக்கு ஒண்ணும் ஆகாது. (இந்த வேகத்துக்காகவேதான் தாமஸ் ஹன்ட் மோர்கன்னு ஒரு மரபியல் விஞ்ஞானி பால் போத்தல்ல வாழைப்பழம் போட்டு இத வளர்த்தாரு, 1910ல வெள்ளைக் கண்ணு ஈ ஒண்ணு கெடச்சது, 1933ல நோபல் பரிசு. எங்கம்மா அதையே சும்மா வளர்த்திருக்காங்க.)

அதனால பொறிய விட்டுட்டு தேட ஆரம்பிச்சேன். வெங்காயக் கூடைய கவுத்தேன், உருளைக்கிழங்கு பைய கொட்டினேன், குப்பைத் தோங்க தூக்கி அடிய பாத்தேன், ஈரத்துணி, மாப்பு, சிங்க் குழி, எங்கயும் இல்ல. சிங்க் குழி மேல ராத்திரி செலோடேப் ஒட்டி வச்சேன், காலைல ஒண்ணும் ஒட்டல. அங்கேருந்து வர்றதா இருந்தா அடிப்பக்கம் ஒட்டியிருக்கும், றெக்கைல முடியோட குட்டி விட்டில் மாதிரி இருந்தா அது சாக்கடை ஈ, குழிய பிரஷ் போட்டு தேய்க்கணும்.

கடைசில அரிசித் தோங்க நகட்டினா பின்னாடி ஒரு ஆரஞ்சு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி பெருநாளுக்குக் குடுத்த பெட்டிலேருந்து உருண்டு போனது, ஒருபக்கம் பச்சை பூசணம், இன்னொரு பக்கம் வெடிச்சு உள்ள நெளியுது. ஜெர்மனில ஜேனா ஊர் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்துல 2013லயே கண்டுபிடிச்சிருக்காங்க, இந்த ஈ முட்டை போட ஆரஞ்சு எலுமிச்சை வகையத்தான் ரொம்ப விரும்புதாம். புழுவுக்குள்ள தன் முட்டைய வைக்கற ஒரு குட்டிக் குளவி இருக்கு, அதுக்கு ஆரஞ்சு வாசம் ஆகாது, பிள்ளைங்க தப்பிச்சுக்கும்னு. எலுமிச்சம்பழத்த வச்சா ஈ ஓடிடும்னு சொல்றவங்கள இனிமே எப்படி நம்பறது.

ஆரஞ்ச பிளாஸ்டிக் பைல கட்டி வெளித் தோங்ல போட்டேன். சுவத்துல பழுப்பா அரிசி நொய் மாதிரி ஒட்டியிருந்தது கூடு, புழு கூடு கட்ட காஞ்ச இடமா பாத்து ஏறிடும், அதையும் சுரண்டி எடுத்தேன். வாங்கற பழத்த அன்னிக்கே கழுவி, பழுத்தத ஐஸ்பெட்டில வைக்கச் சொன்னேன், அந்தக் குளிர்ல முட்டை வளராது. சாமிக்கு வச்ச வாழைப்பழத்த மட்டும் உள்ள வைக்க அம்மா ஒத்துக்கல.

நாலாம் நாள் போன் பண்ணி "இன்னும் பறக்குதேடா"ன்னாங்க. விட்டுப்போன கூட்டுலேருந்து வர்றதும்மா, பத்து நாள் பொறிய எடுக்காதீங்கன்னேன். பன்னெண்டாம் நாள் பொறில ஒண்ணே ஒண்ணு விழுந்திருந்ததாம்.