நுண்புதைபடிவ ஆய்வில் மேற்கோள் எண்ணிக்கை: எண்ணத் தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

முனைவர் பட்ட ஆய்வேட்டில் "இத்துறையின் ஆய்வுப் போக்குகள்" என்று ஓர் இயல் வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பணி நேர்காணலில் எச்-இண்டெக்ஸ் (தலா h மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் h இருந்தால் அந்த எண்) கேட்கிறார்கள். கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசையிலும் கட்டுரைகளும் மேற்கோள்களும் எண்ணப்படுகின்றன. இவை எல்லாவற்றுக்கும் பலர் செய்வது ஒன்றுதான்: ஸ்கோபஸ் அல்லது வெப் ஆஃப் சயின்ஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் ஒரு சொல்லைத் தட்டி, வந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். ஃபோராமினிஃபெரா (ஓடுள்ள ஒற்றைச் செல் உயிரி), ஆஸ்ட்ரகோட் (ஈரோட்டுச் சிறு ஓட்டுயிரி), காக்கோலித் (கடற்பாசியின் சுண்ணாம்புத் தகடு), கோனோடான்ட் (அழிந்துபோன கடல் விலங்கின் பல் போன்ற உறுப்பு), மகரந்தம் ஆகியவற்றின் நுண்ணிய புதைபடிவங்களைப் படிக்கும் நம் துறையில் அந்த எண் பெரும்பாலும் தவறாகவே வரும். தவறு எங்கே நுழைகிறது என்று தெரிந்தால் பெரும்பகுதியைத் திருத்திவிடலாம்.

முதல் தவறு தேடுசொல்லில். ஃபோராமினிஃபெரா ஆய்வாளர் தம் கட்டுரைத் தலைப்பில் "மைக்ரோஃபாசில்" (நுண்புதைபடிவம்) என்று எழுதுவது குறைவு. உயிரிக்குழுவின் பெயரை எழுதுவார், அல்லது நேராக இனத்தின் பெயரை எழுதுவார். அந்தப் பொதுச்சொல்லைத் தலைப்பில் அதிகம் வைப்பவர்கள் வேறு இரு சாரார். 300 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பாறைகளில் உயிரின் தடம் தேடுவோர் ஒரு சாரார். தொல்லியல் களங்களில் பானை ஓட்டிலும் பற்காரையிலும் ஃபைட்டோலித் (தாவரத்தின் சிலிக்காத் துகள்), மாவுச்சத்துத் துகள் தேடுவோர் இன்னொரு சாரார். ஆகவே அந்த ஒரு சொல்லை மட்டும் நம்பி வரைந்த போக்கு வரைபடம், எண்ணெய்க் கிணறுகளையும் ஆழ்கடல் படிவுகளையும் சார்ந்து வளர்ந்த ஒரு துறையை வானுயிரியலாகவும் தொல்தாவரவியலாகவும் காட்டிவிடும்.

குழுப் பெயர்களைத் தனித்தனியே "அல்லது" போட்டு இணைக்க வேண்டும். சொல்லின் வேரோடு நிறுத்தி உடுக்குறி (*, பின்னால் எந்த எழுத்து வந்தாலும் சேர்த்துக்கொள்ளச் சொல்வது) இடுவதிலும் கவனம் தேவை. ஃபோராமினிஃபெர், கோனோடான்ட், ஆஸ்ட்ரகோட், காக்கோலித் ஆகியவற்றுக்கு உடுக்குறி போட்டால் சிக்கல் இல்லை. டயாட்டம் (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி) என்பதற்குப் போட்டால் "டயாட்டமிக்" என்று தொடங்கும் ஈரணு மூலக்கூறு வேதியியல் கட்டுரைகள் கொட்டும். அதன் ஒருமை, பன்மை வடிவங்களைத் தனித்தனியே எழுதுவதே பாதுகாப்பு. சோம்பலில் "ஃபோராம்" என்று சுருக்கினால் பிரேசில் மருத்துவ இதழ்கள் வந்து நிற்கும், ஏனெனில் போர்ச்சுகீசிய மொழியில் அது "இருந்தனர்" என்ற சாதாரண வினைச்சொல். மகரந்தம் என்று மட்டும் கொடுத்தால் ஒவ்வாமையும் தேனீயும் வரும். ஹோலோசீன், குவாட்டர்னரி, படிவு, புதைபடிவம் போன்ற சொற்களில் ஒன்றாவது உடன் இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்த வேண்டும். "பேலியோ" என்பதன் பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துக்கூட்டல் இரண்டையும் சேர்க்க மறக்கக் கூடாது.

இடப்பெயரும் காலை வாரும். அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியின் கிரெட்டேசியஸ் பாறைகளைப் பற்றிய இலக்கியம் 1862-இல் பிளான்ஃபோர்டு வெளியிட்ட ஆய்விலிருந்து தொடர்ந்து வருகிறது. அதே பாறைகள் ஆங்கிலத்தில் டிரிச்சினாப்பொலி என்றும் திருச்சிராப்பள்ளி என்றும், காவேரிப் படுகை என்பது "சி"யிலும் "கே"யிலும், உத்தத்தூர் ஒற்றை "டி"யிலும் இரட்டை "டி"யிலும் எழுதப்பட்டிருக்கின்றன. எல்லா வடிவங்களையும் சேர்க்காமல் "காவேரிப் படுகையில் குறைவான ஆய்வே நடந்துள்ளது" என்று எழுதுவது, ஆய்வே செய்யாமல் முடிவு எழுதுவதற்குச் சமம்.

தேடுசரத்தைச் சோதிக்க இரண்டு எளிய வழிகள் உண்டு. வந்த பதிவுகளில் 100-ஐக் குலுக்கல் முறையில் எடுத்து, தலைப்பையும் சுருக்கத்தையும் படியுங்கள். பத்துக்கு மேல் தொடர்பற்றவை இருந்தால் சரத்தைத் திருத்துங்கள். அடுத்து, துறையில் எல்லோரும் அறிந்த 25 கட்டுரைகளை முன்கூட்டியே பட்டியலிட்டு, அவற்றில் எத்தனை வலையில் விழுந்தன என்று பாருங்கள். முதல் சோதனையைச் சிலர் செய்கிறார்கள். இரண்டாவதைச் செய்வோர் அரிது. விடுபட்டதைக் காட்டுவது அதுதான்.

இரண்டாவது சோதனையில்தான் ஒரு பெரிய ஓட்டை தெரியவரும். காக்கோலித் போன்ற சுண்ணாம்பு நானோ புதைபடிவங்களுக்கு மார்ட்டினி வகுத்த, படிவுகளுக்கு வயது சொல்ல உதவும் என்பி, என்என் மண்டலங்களை இன்றும் உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். அது 1970-இல் ரோமில் நடந்த மாநாட்டின் தொகுதியில் 1971-இல் வெளியானது. லோப்ளிக், டாப்பன் இணையர் 1964-லும் 1987-லும் வெளியிட்ட ஃபோராமினிஃபெரா வகைப்பாட்டுத் தொகுதிகள் நூல்கள். ஆழ்கடல் துளையிடும் திட்டம் 1968-இல் தொடங்கியதிலிருந்து வந்த ஏராளமான உயிர்ப்படிவியல் அறிக்கைகளின் நிலையும் இதுபோன்றதுதான்: தரவுத்தளங்கள் அவற்றை முழுமையாகவோ சீராகவோ பதிவு செய்யவில்லை. இத்தகைய ஆக்கங்கள் சாதாரணத் தேடலில் மூலப்பதிவாக வராமல் போகலாம். வெப் ஆஃப் சயின்ஸில் "மேற்கோள் காட்டப்பட்ட ஆக்கம்" என்ற தனித் தேடலில் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் கொடுத்தால், ஒரே நூல் பல வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களில் சிதறிக் கிடப்பது தெரியும். அவற்றைக் கையால் கூட்ட வேண்டும். இதைச் செய்யாத "அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரைகள்" பட்டியலில் துறையின் அடித்தளமே இருக்காது.

மேற்கோள்களுடன் முழுப்பதிவை வெப் ஆஃப் சயின்ஸிலிருந்து ஒரு முறைக்கு 500 வீதமே இறக்க முடியும். இரு தரவுத்தளங்களை இணைக்கும்போது டிஓஐ எண்ணை (கட்டுரைக்கான நிலையான இணைய அடையாள எண்) வைத்து இரட்டைப் பதிவுகளை நீக்குவார்கள். பழைய கட்டுரைகள் பலவற்றுக்கு அந்த எண் இருக்காது என்பதால் தலைப்பு, ஆண்டு, முதல் பக்க எண் மூன்றையும் ஒப்பிட வேண்டும். விஓஎஸ்வியூவர் மென்பொருளில் வரைபடம் போடுமுன், ஒரே பொருளுள்ள சொற்களை ஒன்றாக்கும் சொல் இணைப்புக் கோப்பு ஒன்றைத் தயாரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஃபோராமினிஃபெராவின் ஒருமையும் பன்மையும் பெயரடையும் மூன்று தனி வட்டங்களாக நிற்கும். ஆசிரியர் தந்த குறிச்சொற்களையும் "கீவேர்ட்ஸ் பிளஸ்" என்பதையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். பின்னது, மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளின் தலைப்புகளிலிருந்து கணினி பொறுக்கி எடுப்பது. அதை வைத்துப் போக்கு வரைந்தால் நேற்றைய தலைப்புகள் இன்றைய ஆர்வமாகத் தோன்றும்.

பெயர் எழுதினால் மேற்கோள் ஆகாது

நம் துறைக்கே உரிய அநீதி இது. குளோபிஜெரினா புல்லாய்டஸ் என்ற மிதவை ஃபோராமினிஃபெரா அரபிக்கடலில் பருவக்காற்று வலுவாக வீசி ஆழ்நீர் மேலெழும் காலத்தில் பெருகுவது. கடந்தகாலப் பருவமழையைப் படிக்கும் கட்டுரைகளில் அது தவறாமல் வரும். பெயருக்குப் பின்னால் "டி'ஓர்பிக்னி, 1826" என்று எழுதுவார்கள். கட்டுரையின் இறுதிப் பட்டியலில் அந்த 1826 ஆக்கம் பெரும்பாலும் இடம்பெறாது. தரவுத்தளம் எண்ணுவதோ பட்டியலை மட்டும்.

எமிலியானியா ஹக்ஸ்லேயி என்ற காக்கோலித் பாசி முதன்முதலில் தோன்றியது ஏறக்குறைய 2,90,000 ஆண்டுகளுக்கு முன். அந்த எல்லையே என்என்21 மண்டலத்தின் அடி. ஆழ்கடல் உள்ளகங்களுக்கு (துளையிட்டு எடுத்த படிவு உருளைகளுக்கு) வயது கணிக்கும்போது அதைப் பயன்படுத்துகிறோம். அந்த இனத்தை 1902-இல் விவரித்த லோமனின் கட்டுரையைத் தேடிப் பாருங்கள், பயன்பாட்டுக்கும் மேற்கோளுக்கும் உள்ள இடைவெளி புரியும். இணைய வகைப்பாட்டுத் தளங்கள் வந்தபின் நிலை இன்னும் மோசம். மாணவர் தளத்தில் படத்தைப் பார்த்து இனத்தை அடையாளம் காண்கிறார், தளத்தின் பெயரை எழுதுகிறார், அதற்குப் பின்னாலிருக்கும் மூல விவரிப்பு மறைந்துவிடுகிறது.

வகைப்பாட்டியல் எவ்வளவு தவறாக அளக்கப்படுகிறது என்பதற்கு 2020-இல் நடந்ததே போதும். விலங்கு வகைப்பாட்டியலின் மிகப்பெரிய இதழ்களில் ஒன்றான ஸூடாக்ஸா, தன் இதழையே அதிகம் மேற்கோள் காட்டுகிறது என்ற காரணத்தால் வெப் ஆஃப் சயின்ஸை நடத்தும் கிளாரிவேட்டின் இதழ்த் தரப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. புதிய இனங்களின் விவரிப்புகள் அங்கேதான் குவிகின்றன என்றால், அடுத்து எழுதுபவர் அதைத்தானே மேற்கோள் காட்டுவார்? உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தபின் இதழ் மீண்டும் சேர்க்கப்பட்டது.

எனவே நீங்கள் எழுதும் கட்டுரையில், வயதையோ வெப்பநிலையையோ எந்த இனங்கள் சுமக்கின்றனவோ அவற்றின் மூல விவரிப்பையும், நீங்கள் பின்பற்றிய இனக்கருத்து (இனத்தின் வரையறை) யாருடையது என்பதையும் இறுதிப் பட்டியலிலேயே சேருங்கள். கட்டுரையோடு தனியே தரும் துணைக் கோப்பில் போடுவது போதாது, அங்கே உள்ளதைத் தரவுத்தளங்கள் பொதுவாக எண்ணுவதில்லை. "பட்டியல் நீளுகிறது" என்று இதழாசிரியர் ஆட்சேபித்தால் வாதாடுங்கள்.

இரண்டு ஆண்டுச் சாளரம்

இம்பாக்ட் ஃபேக்டர் ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோளை மட்டும் பார்க்கிறது. லிசியெக்கியும் ரேமோவும் 2005-இல், உலகின் 57 இடங்களிலிருந்து வந்த கடலடி ஃபோராமினிஃபெராவின் ஆக்சிஜன் ஐசோடோப்புப் பதிவுகளை அடுக்கி 53 லட்சம் ஆண்டுக்கான வரைகோட்டைத் தந்தார்கள். பல ஆயிரம் மேற்கோள்கள் பெற்ற கட்டுரை அது. அதன் இதழின் இம்பாக்ட் ஃபேக்டரில் 2006, 2007 ஆகிய இரு ஆண்டுகளின் மேற்கோள்களே சேர்ந்தன, பிறகு வந்த எதுவும் சேரவில்லை. உள்ளகம் எடுத்து, கழுவி, பொறுக்கி, அளந்து, எழுதி, வெளியாக நான்கைந்து ஆண்டு பிடிக்கும் துறையில், ஒரு மண்டலப் பகுப்பின் மதிப்பு இரண்டே ஆண்டில் தெரியாது. குறைந்தது பத்தாண்டுச் சாளரம் வைத்துப் பாருங்கள். சராசரிக்குப் பதில் இடைநிலை எண்ணையும் சதமானத்தையும் தாருங்கள். ஓரிரு கட்டுரைகள் சராசரியை மேலே இழுத்துவிடும்.

மேற்கோள் என்பது ஒப்புதலும் அன்று. 1993-இல் ஷாஃப் ஆஸ்திரேலியாவின் ஏபெக்ஸ் செர்ட் பாறையிலிருந்து 346 கோடி ஆண்டுப் பழமையான 11 வகை நுண்புதைபடிவங்களை அறிவித்தார். 2002-இல் பிரேஸியரும் குழுவினரும் அவை உயிரிகளே அல்ல என்று மறுத்தார்கள். விவாதம் சூடேறச் சூடேற இரு கட்டுரைகளின் எண்ணிக்கையும் ஏறியது. இன்னும் கவலைக்குரியது இமயமலைக் கோனோடான்ட் விவகாரம். 1989-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜான் டேலண்ட், பல ஆண்டுகளாக வெளியான இமயமலைப் புதைபடிவக் கட்டுரைகளில் காட்டப்பட்ட மாதிரிகள் வேறு நாடுகளின் களங்களிலிருந்து வந்தவை என்று நேச்சர் இதழில் எழுதினார். அவற்றுள் கோனோடான்ட்கள் நியூயார்க் மாநிலத்தின் ஆம்ஸ்டெல் ஓடைப் பகுதியைச் சேர்ந்தவற்றை ஒத்திருந்தன. அந்தக் கட்டுரைகளில் பல முறைப்படி திரும்பப் பெறப்படவில்லை. எனவே தரவுத்தளத்தில் எச்சரிக்கைக் குறி எதுவும் இராது. 1970, 80-களின் இமயமலைத் தொல்லுயிரியலைத் தொகுப்பவர் ஒவ்வொரு பதிவுக்கும் மாதிரி எங்கே வைக்கப்பட்டுள்ளது, வேறொருவர் அதே இடத்தில் அதை மீண்டும் கண்டாரா என்று பார்த்தே சேர்க்க வேண்டும்.

மறுபயன்பாட்டுக்கு உரிய கட்டுரை

கடந்த சில பதிற்றாண்டுகளில் துறையின் கவனம் அடுக்கியலிலிருந்து காலநிலைக்கும், அங்கிருந்து கடல் அமிலமாதல், மாசுக் கண்காணிப்பு, பட அறிதல் ஆகியவற்றுக்கும் நகர்ந்திருக்கிறது. இந்தப் புதிய வேலைகள் அனைத்தும் பழைய தரவை உண்டு வாழ்பவை. கடந்த 6.5 கோடி ஆண்டுக் காலநிலையைக் காட்டும் ஸாக்கோஸ் குழுவின் 2001 வரைபடம் 40-க்கும் மேற்பட்ட துளையிடல் இடங்களின் அளவீடுகளைத் தொகுத்தது. 2019-இல் வந்த எண்ட்லெஸ் ஃபோராம்ஸ் தரவுத்தொகுப்பில் 34,000-க்கு மேற்பட்ட படங்கள் உள்ளன, ஒவ்வொன்றையும் நான்கு வல்லுநர்கள் தனித்தனியே இனங்கண்டார்கள். 2020-இல் ஃபாக்ஸும் குழுவினரும் 1872–76 சேலஞ்சர் கப்பலின் கடலாய்வுப் பயணத்தின் ஃபோராமினிஃபெரா ஓடுகளை அண்மைக் காலத்தவற்றோடு ஒப்பிட்டு, இன்றைய ஓடுகள் 76% வரை மெலிந்திருப்பதைக் காட்டினார்கள். ஏறக்குறைய 140 ஆண்டு அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்த மாதிரி இல்லாமல் அந்தக் கட்டுரை இல்லை. அதைப் பேணியவர்களுக்கு எந்த எச்-இண்டெக்ஸிலும் இடமில்லை.

உங்கள் தரவு இப்படி மறுபயன்பாட்டுக்கு வர வேண்டுமானால் முறைப்பகுதியில் சில எண்கள் கட்டாயம். முதலில் சல்லடைக் கண் அளவு: 63, 125, 150 மைக்ரோமீட்டர்களில் எது? 150-இல் சலித்த மாதிரியில் டர்போரோட்டாலிட்டா குவின்குவெலோபா போன்ற சிறிய இனங்கள் நழுவிப்போகும். 63-இல் சலித்ததோடு அதை ஒப்பிட்டால் இல்லாத காலநிலை மாற்றம் தெரியும். அடுத்து, எண்ணிய ஓடுகளின் மொத்தம். 300 எண்ணும் வழக்கத்துக்குக் கணக்கு உண்டு. 10% உள்ள இனத்துக்கு அதில் பிழை ஏறக்குறைய ±3.4%. 1% மட்டுமே உள்ள இனம் கண்ணில் படாமலே போகும் வாய்ப்பு சுமார் 5%. 100 மட்டும் எண்ணினால் அந்த வாய்ப்பு 37% ஆகிவிடும். விழுக்காட்டை மட்டும் தந்து மூல எண்ணிக்கையைத் தராத அட்டவணையை மறுபகுப்பாய்வில் சேர்க்க முடியாது. மாசுக் கண்காணிப்பில் உயிருள்ள ஃபோராமினிஃபெராவைத் தேடுவோருக்கு ஃபோபிமோ என்ற ஆய்வாளர் குழுவின் 2012 பரிந்துரை உள்ளது: மேல் 1 செ.மீ. படிவு, 125 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட பகுதி, மூன்று மறுமாதிரிகள். உயிருள்ளவற்றை நிறமேற்றிக் காட்டும் ரோஸ் பெங்கால் சாயத்தில் 14 நாளாவது ஊற வேண்டும். ஓரிரு நாளில் எடுத்துவிட்டால் சாயம் முழுமையாக ஏறாமல் உயிருள்ளவை இறந்தவையாக எண்ணப்படும்.

எண்ணிக்கை அட்டவணையை பாங்கேயா போன்ற தரவுக் களஞ்சியத்தில் இட்டு, அதற்கு டிஓஐ பெற்று, அதையே கட்டுரையின் இறுதிப் பட்டியலில் சேருங்கள். இனங்களின் மின்னணு நுண்ணோக்கிப் படங்களும் மாதிரிச் சில்லுகளின் காப்பக எண்களும் இருக்கட்டும். படம் இல்லாத இனப்பட்டியலைப் பிற்காலத்தில் யாரும் சரிபார்க்க முடியாது.

தமிழ்நாட்டு ஆய்வாளர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல்: முதலெழுத்தும் பெயரும். சில இதழ்கள் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் வைக்கின்றன, சில அதைக் குடும்பப்பெயராக விரித்துவிடுகின்றன. ஒருவரே தரவுத்தளத்தில் மூன்று பேராக உடைந்து, எச்-இண்டெக்ஸும் உடைகிறது. ஆர்கிட் எண் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) ஒன்றைப் பெற்று எல்லாச் சமர்ப்பிப்பிலும் கொடுங்கள். ஸ்கோபஸில் சிதறிய ஆசிரியர் பக்கங்களை இணைக்க விண்ணப்பம் இருக்கிறது, அதைச் செய்துவிடுங்கள்.

தேர்வுக்குழுவில் இருப்பவர்கள் விண்ணப்பதாரரிடம் நான்கு விவரங்கள் கேட்டால் அரை மணி நேரத்தில் நிலைமை தெரிந்துவிடும்: அவர் விவரித்த இனங்களை வேறு யார், எந்தப் படுகையில் அடையாளம் கண்டிருக்கிறார்கள், அவர் வகுத்த மண்டலங்களை யாராவது பயன்படுத்தியிருக்கிறார்களா, அவருடைய எண்ணிக்கைத் தரவு பொதுக்களஞ்சியத்தில் உண்டா, மாதிரிகள் எந்தக் காப்பகத்தில், எந்த எண்ணில் உள்ளன.