பொழுது விழுந்த பிறகு எல்லைக்கல் நடாதீர்கள்

2024 புரட்டாசிக் கடைசியில், காங்கேயம் பக்கம் ஒரு கொறங்காட்டை, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டைப் பாகம் பிரிக்க, செயற்கைக்கோள் சிக்னலை வைத்து நிலம் அளக்கும் டிஜிபிஎஸ் கருவியோடு போயிருந்தேன். அண்ணன் பங்குக்கும் தம்பி பங்குக்கும் நடுவே கிளுவை வேலி போட வேண்டும். மூன்று மூலை முடிந்து நான்காவதுக்கு வரும்போது மணி ஏழரை. "லைட்டு அடிக்கறனுங்க, இன்னிக்கே முடிச்சுப்போடுங்க" என்றார் பெரியவர்.

சிக்னல் வாங்கும் ரோவர் கம்பைக் கல்மேல் நிறுத்தினேன். திரையில் 'ஃபிக்ஸ்' வந்தது, அதாவது அளவு உறுதி; உடனே 'ஃப்ளோட்' ஆனது, அதாவது அளவு இன்னும் நிலைக்கவில்லை; திரும்ப ஃபிக்ஸ், மறுபடி ஃப்ளோட். பத்து நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுக்கும் ஒரு முழத்துக்கு மேல் வித்தியாசம். மேலே மரமில்லை, கட்டடமில்லை, வெட்டவெளி. கருவியைப் பெட்டியில் வைத்துவிட்டேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அதே கல்லில் இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன். ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

கருவியில் கோளாறு இல்லை. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. பகலெல்லாம் வெயில் வாங்கிய அயனி மண்டலம், அதாவது வானில் உயரத்தில் மின்னேற்றத்தோடு இருக்கும் அடுக்கு, பொழுது விழுந்ததும் இந்தக் கோட்டுக்கு மேலே கலைந்து குமிழி குமிழியாக எழும்பும். அதன் வழியே வரும் செயற்கைக்கோள் சிக்னல், நட்சத்திரம் மினுக்குவது மாதிரி மினுக்கும். கருவி பிடியை விட்டுவிடும். இரண்டு அலைவரிசையில் சிக்னல் வாங்கும் கருவியும் இதற்குத் தப்பாது. பங்குனி, புரட்டாசியை ஒட்டிய மாதங்களில், அந்தி முதல் நள்ளிரவு வரை இந்தத் தொல்லை அதிகம். சூரியனின் கொந்தளிப்பு உச்சத்தில் இருக்கும் வருடங்களில் இன்னும் அதிகம்.

அந்த உச்சம் சுமார் 11 வருடத்துக்கு ஒருமுறை வரும். 1843-இல் ஷ்வாபே என்ற ஜெர்மானியர் சூரியன் முகத்தில் தெரியும் கரும்புள்ளிகளைப் பல வருடம் எண்ணிக் கண்டுபிடித்த சுழற்சி இது. இப்போது ஓடும் 25-ஆம் சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கியது. 2025 ஜூலை வாக்கில் புள்ளி எண்ணிக்கை 115 அளவில் உச்சம் தொடும் என்று சர்வதேச நிபுணர் குழு கணித்தது. வந்ததோ 2024 அக்டோபரில், 160 அளவில். சூரியன் அடங்கியிருக்கும் காலத்தில் அதன் துருவங்களில் தேங்கும் காந்தப்புலம்தான் அடுத்த சுழற்சிக்கு விதைநெல். அதை வைத்துத்தான் பலரும் கணிக்கிறார்கள். ஆனால் அந்தப் புலத்தை நேரடியாக அளந்த காலம் சில பத்தாண்டுகள்தான். அதற்கு முந்தைய காலத்தை ஊகிக்கப் பழைய படங்கள்தான் துணை. அதனால்தான் கொடைக்கானல் ஆய்வகம் 1904 முதல் எடுத்துவரும் சூரியப் படங்களுக்கு இன்றும் அவ்வளவு மதிப்பு. பழனி மலைத்தொடரின் மேலே இருக்கும் அந்த ஆய்வகத்தை நம் ஊர்ப் பிள்ளைகள் ஒருதரமாவது போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

எந்த வருடம் மோசம், எந்த மாதம் மோசம் என்று முன்கூட்டிச் சொல்ல முடிகிறது. எந்த அந்தி மோசம் என்று மாதங்களுக்கு முன்பே சொல்ல யாராலும் முடியாது. உச்சம் தாண்டிவிட்டதே என்று அசட்டையாகவும் இருக்கக்கூடாது. 2003 அக்டோபரில் வந்த பெரும் சூரியப் புயல்கள், உச்சம் கழிந்து இரண்டு வருடம் ஆன பிறகு வந்தவை.

நான் இப்போதெல்லாம் ஐந்தரைக்கு மேல் எல்லை அளப்பதில்லை. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் தெரிந்த ஒரு பழைய கல்லில் ரோவரை வைத்துச் சரிபார்க்கிறேன். தோட்டம், காடு வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சர்வேயர் தரும் வரைபடத்தில் ஒவ்வொரு மூலையும் எத்தனை மணிக்கு அளந்தது என்று எழுதி வாங்குங்கள். அந்தி நேரம் என்றிருந்தால், கல் நடும் முன் காலையில் ஒருதரம் அளக்கச் சொல்லுங்கள்.