வேரை நறுக்கித் தண்ணீர் எடுக்கும் கிறிஸ்துமஸ் மரம்

‘ஆஸ்திரேலியாவின் பெர்த் பக்கம் டிசம்பரில் புல்லெல்லாம் காய்ந்து கிடக்க, ஒரு மரம் மட்டும் பொன்மஞ்சளாகப் பூத்துக் குலுங்குகிறதே, எப்படி?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால் தெற்கே டிசம்பர் கோடைக்காலம் என்பது தெரிந்ததுதான். பெர்த்தில் மழை குளிர்காலத்தோடு சரி. டிசம்பர் முழுக்கப் பெய்தாலும் சராசரியாகச் சுமார் 10 மில்லிமீட்டர். அந்த வறட்சியில் பூப்பதால்தான் குடியேறிகள் இதைக் கிறிஸ்துமஸ் மரம் என்றார்கள். மண்ணின் மைந்தர்களான நூங்கர் மக்களுக்கு இது மூஜார். தாவரவியலில் நியூட்சியா ஃபுளோரிபண்டா.

நம் மாமரக் கிளையில் தொற்றும் புல்லுருவியின் குடும்பம்தான் இது. ஆனால் தரையில் நின்று 10 மீட்டர் வரை வளரும். இலை பச்சை, உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும். திருடுவது தண்ணீரையும் தாது உப்புகளையும்.

திருட்டு நடக்கும் விதம்தான் அபாரம். மூஜாரின் மெல்லிய வேர் பக்கத்துச் செடியின் வேரைத் தொட்டதும், தொட்ட இடத்தில் வெள்ளை நிறத்தில் ஒரு வளையம் வளர்ந்து அந்த வேரைச் சுற்றி வளைக்கும். வளையத்துக்குள் கெட்டியான நார்த்திசு அரிவாள் வடிவில் உருவாகும். தோட்டக்காரரின் கத்தரி கொப்பை நறுக்குவதுபோல அது வேரைக் குறுக்கே துண்டித்துவிடும். வெட்டுமுகத்தில் அறுபட்டுத் திறந்த நீர்க்குழாய்களுக்குள் மூஜாரின் மென்திசு நுழையும். இனி உறிஞ்சத் தனி முயற்சி வேண்டாம். மூஜாரின் நீரழுத்தம் எப்போதும் பக்கத்துச் செடியைவிடக் குறைவு. தண்ணீர் தானாக இந்தப் பக்கம் பாயும். புல், புதர், மரம் என்று எதையும் விடாது.

உயிருள்ள வேரா என்று அது பார்ப்பதும் இல்லை. மண்ணில் புதைத்த கேபிளையும் வளைத்துப் பிளாஸ்டிக் உறையை அறுத்துவிடும். உள்ளே ஈரம் இறங்கினால் இணைப்பு கெடும்.

இறந்தோரின் ஆவி பயணத்தின் வழியில் இம்மரத்தில் தங்கிச் செல்லும் என்பது நூங்கர் மரபு. அதனால் கொப்பை ஒடிக்கமாட்டார்கள். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. மரத்தைக் காத்த மரபு அது. மண்ணுக்கடியில் நடக்கும் இந்தத் திருட்டை அறிய வேர்களைத் தோண்டிப் பார்க்கும் ஆய்வுகள் மெதுவானவை, காசு தராதவை. அவற்றுக்கும் நிதி ஒதுக்கத்தான் வேண்டும்.

இதை வளர்க்க விரும்புகிறவர்கள் மணற்பாங்கான கலவையில் விதைக்கலாம், துணையில்லாமலே முளைக்கும். முளைத்தபின் அதே தொட்டியில் ஒரு புல்லோ சிறு புதரோ கட்டாயம் இருக்க வேண்டும், இல்லையேல் கன்று தேறாது. பலர் சறுக்கும் இடம், சுற்றியுள்ள புல்லைக் களை என்று பிடுங்கிவிடுவது.