150 நிமிடம், யாருடைய வாரத்தில்?

சர்க்கரை, பிரஷர் என்று எந்த டாக்டரிடம் போனாலும் மருந்துச் சீட்டோடு ஒரு வாக்கியமும் வரும்: "தினமும் அரை மணி நேரம் நடங்க." மார்த்தாண்டத்திலும் அதேதான், சென்னை அடையாற்றிலும் அதேதான். நாளுக்கு 30 நிமிடம், வாரத்தில் 5 நாள் என்றால் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டலில் பெரியவர்களுக்குக் குறைந்தபட்சமாகச் சொல்லப்பட்ட அளவு இது. 300 வரை போனால் இன்னும் நல்லது. மூச்சு வாங்குகிற கடுமையான உழைப்பு என்றால் 75 முதல் 150 நிமிடம் போதும். இதோடு வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்கள், தடுமாறி விழாமல் இருப்பதற்கான பயிற்சியையும் வாரத்தில் 3 நாள் செய்ய வேண்டும்.

இந்தியர்களுக்கு இதைவிடக் கறாரான கணக்கு ஒன்றும் உண்டு. 2012-இல் நம் நாட்டு மருத்துவ வல்லுநர்கள் கூடி வெளியிட்ட பரிந்துரை நாளுக்கு 60 நிமிடம் கேட்கிறது: 30 நிமிடம் மிதமான உழைப்பு, 15 நிமிடம் வேலையோடு சேர்ந்த அசைவு, 15 நிமிடம் தசைப் பயிற்சி. ஒரே எடையுள்ள ஐரோப்பியரோடு ஒப்பிட்டால் நம் உடம்பில் கொழுப்பு கூடுதல், தசை குறைவு, சர்க்கரை நோயும் இளவயதிலேயே வந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கறார். அப்புறம் 2019-இல் ஃபிட் இந்தியா இயக்கம் வந்தது. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. 2024-இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட 17 உணவு வழிகாட்டல்களிலும் உடல் உழைப்புக்குத் தனி இடம் இருக்கிறது.

ஆக, அறிவுரைக்குப் பஞ்சமில்லை. ஆனால் லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-இல் இந்தியாவில் வயது வந்தோரில் 49.4 சதவீதம் பேர் உலக சுகாதார நிறுவனம் சொன்ன குறைந்தபட்ச அளவைக்கூட எட்டவில்லை. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். இதைச் சோம்பேறித்தனம் என்று முடித்துவிடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. 150 என்ற எண்ணை ஒருவருடைய வேலையிலும் அவருடைய ஊரின் தரையிலும் வைத்து யாரும் எண்ணிக் காட்டவில்லை என்பதே என் கருத்து. கன்னியாகுமரி மாவட்டத்தின் களியக்காவிளை, அருமனை, குலசேகரம் பக்கத்து வாழ்க்கையை வைத்து அதை எண்ணிப் பார்க்கலாம்.

முதலில், 'மிதமான' உழைப்பு என்றால் என்ன? அதற்கு அளவுகோல் மெட். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றல் 1 மெட். எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவாகிறது என்று அதற்குப் பொருள். 3 மெட்டிலிருந்து 6-க்குள் இருந்தால் மிதமானது, 6-ம் அதற்கு மேலும் கடுமையானது. கருவி எதுவும் இல்லாமலே இதைக் கண்டுபிடிக்கலாம். நடக்கும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதம். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சுக்காக நிறுத்த வேண்டியிருந்தால் கடுமை. எண்ணிப் பார்க்க விரும்பினால், நிமிடத்துக்கு 100 காலடி என்பது மிதமான நடைக்கு நல்ல அடையாளம்.

இங்கேதான் நம் தரை கணக்குக்குள் வருகிறது. விளவங்கோடு தாலுகாப் பக்கம் சமதளம் குறைவு. ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏற்றம், வீட்டிலிருந்து விளைக்கு (தோட்டத்துக்கு) இறக்கம், கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போக மறுபடி ஏற்றம். நடையில் செலவாகும் ஆக்சிஜனைக் கணக்கிட உடற்பயிற்சி மருத்துவத்தில் ஒரு சூத்திரம் இருக்கிறது. அதன்படி சமதளத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் சுமார் 2.9 மெட் வருகிறது. மிதமான உழைப்பின் வாசலைக்கூட முழுதாகத் தொடவில்லை. அதே வேகத்தில், 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் ஏற்றத்தில் நடந்தால் சுமார் 4.6 மெட். வேகம் கொஞ்சமும் கூடவில்லை, உழைப்பு மட்டும் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. மார்த்தாண்டம் மெயின் ரோட்டில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஒதுங்கி ஒதுங்கி நடக்கும் முதியவருக்கு "வேகமாக நடங்க" என்பது ஆபத்தான அறிவுரை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏற்றத்தில் மெதுவாக நடந்தாலே அவருக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

இன்னொரு முக்கியமான மாற்றம் பலருடைய காதுக்கு இன்னும் எட்டவில்லை. பழைய வழிகாட்டல், ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்றது. 2020-இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு ஏறும் 4 நிமிடமும் சேரும். தண்ணீர்க் குடத்தோடு படியேறும் 2 நிமிடமும் சேரும்.

இந்தச் சின்னச் சின்ன நிமிடங்கள் உள்ளே என்ன செய்கின்றன? சாப்பாட்டிலிருந்து வரும் குளுக்கோஸில் பெரும்பங்கை உள்ளே இழுத்துக்கொள்வது தசைதான். தசைச் செல்லின் கதவு குளுட்-4 என்ற புரதம். சாதாரணமாக இது செல்லுக்குள்ளே ஒதுங்கிக் கிடக்கும். இன்சுலின் வந்து தட்டினால் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே விடும். இன்சுலினுக்கு உடம்பு சரியாகச் செவிசாய்க்காததுதான் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயின் அடிப்படைச் சிக்கல். ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் உதவி இல்லாமலே குளுட்-4 மேலே வருகிறது. நடந்து முடித்த பிறகும் ஒருநாள், சில சமயம் இரண்டு நாள் வரை தசை இன்சுலினுக்கு நன்றாக இணங்குகிறது. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்று சர்க்கரை நோயாளிகளிடம் சொல்வது இதனால்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மொத்தமாக நடந்தால் இதயத்துக்கு நல்லதுதான், ஆனால் வியாழக்கிழமை சர்க்கரைக்கு அது உதவாது. மத்தியானம் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கும்) மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு உடனே சாயாமல் சில நிமிடம் நடந்தால், குளுக்கோஸ் ஏறுகிற நேரத்திலேயே தசையும் அதை இழுக்கிறது.

இனி இரண்டு தொழில்களைப் பார்க்கலாம். ரப்பர் பால் வெட்டுகிறவர் வெளிச்சம் வருமுன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார். குளிர்ச்சி இருக்கும்போதுதான் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருந்து பால் நன்றாக வடியும். சரிவில் மரத்துக்கு மரம் நடை, ஒவ்வொன்றிலும் நின்று, சிரட்டையைத் துடைத்து, பழைய காய்ந்த பாலை இழுத்துவிட்டு, கத்தியை ஒரே சீராக இழுக்க வேண்டும். நூற்றுக்கணக்கான மரம் முடிந்த பிறகு அதே சுற்றில் பால் எடுக்க வாளியோடு இன்னொரு நடை. அப்புறம் உறையவைத்து ஷீட் அடிக்கும் வேலை. இவருக்கு 150 நிமிடம் ஒரு பொருட்டே இல்லை, சில நாளிலேயே தாண்டிவிடுவார்.

அதே வீட்டில் அவர் மனைவி அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முந்திரிக்கொட்டை உடைப்பதும் தோலெடுப்பதும் மணிக்கணக்காக ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை. விரலும் தோளும் ஓயாமல் உழைக்கின்றன. ஆனால் உடம்பின் பெரிய தசைகளான தொடையும் பின்தொடையும் அசைவதே இல்லை. சாயங்காலம் உடம்பெல்லாம் வலிக்கிறது, இவ்வளவு வேலை செய்கிறவரிடம் போய் நர்ஸம்மா கேட்டால், "வாக்கிங்கா? அதுக்கெல்லாம் நேரம் எங்க மக்களே?" என்பார். அவர் சொல்வது நியாயம். வலி இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, கூலியோ கொஞ்சம். ஆனால் மெட் கணக்கில் அந்த நாளின் பெரும்பகுதி உட்கார்ந்திருப்பதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது. களைப்பு வேறு, குளுட்-4 கேட்கும் அசைவு வேறு.

இதை அளப்பதற்கு உலக சுகாதார நிறுவனத்துக்கு 16 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. வேலை, போக்குவரத்து, ஓய்வுநேரம் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்கும். மிதமான நிமிடம் ஒன்றுக்கு 4, கடுமையான நிமிடத்துக்கு 8 என்று பெருக்கி, வாரத்துக்கு 600 வந்தால் போதும் என்று கொள்ளும். நல்ல படிவம்தான். ஆனால் அது கேட்பது உங்கள் 'வழக்கமான வாரம்' பற்றி. பால் வெட்டுகிறவருக்கு வழக்கமான வாரம் எது? தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே கொட்டுகிற மாவட்டம் இது. மழை பெய்தால் வெட்டு நிற்கும். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். ஜனவரியில் மலைபோல் உழைத்தவர் மார்ச்சில் டீக்கடை பெஞ்சில் இருக்கிறார், சாப்பாடு மட்டும் அதே அளவில் போகிறது. அவருக்குச் சொல்ல வேண்டியது "தினமும் நடங்க" இல்லை. "வெட்டு இல்லாத மாதத்தில் என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்க வேண்டும்.

வேலையிடத்து உழைப்பை வழிகாட்டல் முழுதாகக் கணக்கில் சேர்க்கிறது. ஆனாலும் அதுவே எல்லாம் இல்லை. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்து 2021-இல் வெளியான ஆய்வில், ஓய்வுநேர உழைப்பு இதயத்தைக் காத்தது. வேலையிடத்துக் கடும் உழைப்பு அப்படிக் காக்கவில்லை, ஆபத்து கூடவே செய்தது. சுமை, ஓய்வின்மை, நாள் முழுவதும் உயர்ந்தே நிற்கும் ரத்த அழுத்தம் ஆகியவை காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். டென்மார்க் தொழிற்சாலையை அப்படியே அருமனைத் தோட்டத்தில் பொருத்த முடியாதுதான். ஆனால் சுமை தூக்குகிறவரிடம் "உங்களுக்குத்தான் எக்சர்சைஸ் தானா கிடைக்குதே" என்று சொல்லிக் கைகழுவிவிட அது இடம் தரவில்லை.

அண்டி ஆபீஸ் பெண்ணுக்கு என்ன வழி? அவருக்கு 150 என்று ஆரம்பிக்கவே கூடாது. பயன் மிகுதியாகக் கிடைப்பது பூஜ்ஜியத்திலிருந்து கொஞ்சத்துக்கு நகரும்போதுதான். தைவானில் 4 லட்சத்துக்கும் அதிகமானோரை வைத்து 2011-இல் வெளிவந்த ஆய்வில், நாளுக்கு வெறும் 15 நிமிடம் உழைத்தவர்களுக்கே இறப்பு ஆபத்து 14 சதவீதம் குறைந்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலைந்து பேராகச் சேர்ந்து காம்பவுண்டைச் சுற்றி 5 நிமிடம். வேன் இறக்கிவிடும் இடத்திலிருந்து ஏற்றமான குறுக்குப் பாதை. மணிக்கு ஒருமுறை எழுந்து, கையை ஊன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழுவது, தொடைத் தசைக்கு இதுவே பயிற்சி. ஆனால் மணிக்கொருமுறை எழுந்தால் கூலி குறையும் என்கிற இடத்தில் இந்த அறிவுரை செல்லாது. கிலோக் கணக்கில் கூலி தருகிற முதலாளி அந்த 2 நிமிடத்தைத் தர வேண்டும். உடல் உழைப்பு வழிகாட்டல் தனிமனிதரின் மனவுறுதியை மட்டும் நம்பி நடைமுறைக்கு வராது.

களியக்காவிளையைத் தாண்டினால் வருகிற நெய்யாற்றின்கரை தாலுகாவில், தனிமனிதரை மட்டும் நம்பாமல் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்து இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்ற பெயரில், வாக்குச்சாவடிப் பகுதிகள் 60-ஐத் தேர்ந்து 1,007 பேரைச் சேர்த்தார்கள். ஆள் எடுத்ததே இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண்ணை வைத்துத்தான். சென்னையில் 2005-இல் உருவான அந்த 100 மதிப்பெண்ணில் வயதும் பெற்றோர் வரலாறும் பாதி. மாற்றவே முடியாத பாதி. மீதிப் பாதியில் இடுப்புச் சுற்றளவுக்கு 20, உடல் உழைப்புக்கு 30. பெரும்பாலும் டாக்டர் இல்லாமல், அதே ஊர்க்காரர்களே அக்கம்பக்கத்தாரைக் கூட்டி ஒரு வருடம் குழுக் கூட்டம் நடத்தினார்கள். இரண்டு வருடத்தில் குழுவில் இருந்தவர்களில் 14.9 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 17.1 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் வந்தது. புள்ளியியல்படி இதை உறுதியான வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் ஆபத்து மதிப்பெண் குறைந்தது, காய்கறி பழம் சாப்பிடுவது கூடியது. அக்கம்பக்கத்தார் கூடினால் பழக்கம் அசைகிறது, நோய் தடுக்க அது மட்டும் போதுமா என்றால் இன்னும் இல்லை.

தொடங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், வெறும் வயிற்றில் நீண்ட ஏற்றம் ஏறக்கூடாது. பையில் மிட்டாயோ சர்க்கரையோ வேண்டும். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் தோட்டத்தில் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது, ரப்பர்க்காய் ஓடு குத்தியதே தெரியாது. ஏற்றத்தில் நெஞ்சு இறுகி, நின்றால் சரியாகிறது என்றால் அது வாயு இல்லை. அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.