ரேடியேஷன் ரியாக்‌ஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

‘கதிர்வீச்சு எதிர்வினை’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றிவிட்டால் வேலை முடிந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் முகநூல் பதிவின் கீழே வந்து விழுவதும் எதிர்வினைதான். இங்கே சங்கதி ஓர் உதை.

எலக்ட்ரானைப் பிடித்துக் குலுக்கினால் அது ஒளியை உமிழும். உமிழ்ந்த ஒளி வெறுங்கையோடு போகாது. எலக்ட்ரானின் ஆற்றலிலும் உந்தத்திலும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகும். எலக்ட்ரான் மிக வேகமாக ஓடுகிறது என்றால் ஒளி பெரும்பாலும் அதன் முன்பக்கமாகவே பாயும். ஆகவே உதை பின்பக்கமாக விழும். துப்பாக்கி சுடும்போது தோளில் இடிக்குமே, அதே கதை.

ரேடியேஷனுக்கு மூலம் ‘ரேடியஸ்’ என்ற லத்தீன் சொல். சக்கரத்தின் ஆரக்காலுக்கும் ஒளிக்கதிருக்கும் அங்கே அது ஒரே பெயர். (வட்டத்துக்கு நாம் சொல்லும் ஆரமும் அதே சக்கரத்திலிருந்து வந்ததுதான்.) ரியாக்‌ஷன் நியூட்டனின் மூன்றாம் விதியில் வருவது. தமிழகப் பாடநூலில் அது எதிர்விசை, இலங்கையில் மறுதாக்கம். அங்கே எலக்ட்ரானே இலத்திரன்தான்.

இந்த உதையை லேசரில் பார்த்த சோதனை முடிவுகள் 2018இல் வெளியாயின. இடம், இங்கிலாந்தின் ரூதர்ஃபோர்ட் ஆப்பிள்டன் ஆய்வகத்திலுள்ள ஜெமினி லேசர். ஒரு லேசர் துடிப்பு வாயுவுக்குள் பாய்ந்து எலக்ட்ரான்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்துக்குத் துரத்தும். இன்னொரு துடிப்பு எதிரே வந்து அந்த எலக்ட்ரான்கள்மேல் மோதும். துடிப்பின் நீளம் 13 மைக்ரோமீட்டர் அளவுதான், தலைமுடியின் தடிமன்கூட இல்லை. கொஞ்சம் பிசகினாலும் இரண்டும் ஒன்றையொன்று தாண்டிப் போய்விடும். சரியாக மோதிய தடவைகளில் காமா கதிர் பளிச்சென்று தெரிந்தது, எலக்ட்ரான்களின் ஆற்றலும் குறைந்திருந்தது.

சரி, எந்தச் சொல்லை வைப்பது? இயற்பியலாளர்கள் ஆபிரகாமும் லோரன்ட்ஸும் இதை இடைவிடாமல் பிடித்திழுக்கும் ஒரு விசையாகக் கணக்கிட்டார்கள். அதற்கு ‘கதிர்வீச்சு எதிர்விசை’ கச்சிதம். கடும் லேசரில் நிலைமை வேறு. அங்கே ஒளி ஃபோட்டான் ஃபோட்டானாக, அதாவது தனித்தனி ஒளித்துகளாக, எப்போது வெளியேறும் என்று சொல்ல முடியாதபடி கிளம்புகிறது. ஓர் எலக்ட்ரான் ஒரே அடியில் பெரும்பங்கு ஆற்றலை இழக்கும்; பக்கத்தில் ஓடியது அலுங்காமல் தப்பிவிடும். அதனால் என் ஓட்டு ‘கதிர்வீச்சுப் பின்னுதைப்பு’க்கு.