ஹெட்செட்: சைக்கிளின் கழுத்துத் தாங்கி

ஹெட்செட் என்று தேடினால் காதில் மாட்டும் கருவிதான் முதலில் வந்து நிற்கும். சைக்கிள்காரர்களின் ஹெட்செட் வேறு. சைக்கிள் சட்டத்தின் (ஃபிரேமின்) முன்குழலுக்குள், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் தண்டு சிக்கலின்றித் திரும்புவதற்காக, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக உட்காரும் பேரிங்குகள், அவற்றின் கிண்ணங்கள், வளையங்கள், மேல்மூடி எல்லாம் சேர்ந்த தொகுப்பு அது. ஆங்கிலத்தில் சட்டத்தின் முன்முனைக்கு ‘ஹெட்’ என்று பெயர். அங்குள்ள குழல் ஹெட் டியூப்; அதற்கான உதிரிகளின் தொகுப்பு ஹெட்செட். ஓட்டுபவரின் தலைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

நம் பட்டறைகளில் இதற்குப் பெயர் கோன்செட். கிண்ணத்துக்கும் கூம்புக்கும் நடுவே கிரீஸ் தடவிக் குண்டுகளை அடுக்கிய காலத்தின் பெயர் அது. பைக் மெக்கானிக்குகளிடம் இன்றும் உயிரோடு இருக்கிறது. மலைச் சைக்கிளில் அந்த அமைப்பு மாறிவிட்டது. ஜான் ரேடர் வடிவமைத்த மரையில்லாத வகையை 1990களின் தொடக்கத்தில் டியா-காம்ப் நிறுவனம் ‘அஹெட்செட்’ என்ற பெயரில் விற்றது. தண்டில் மரையும் பூட்டு நட்டும் போயின. தண்டைக் கவ்விப் பிடிப்பது, கைப்பிடியைத் தண்டோடு இணைக்கும் ஸ்டெம்மின் வேலையானது.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘தலையணி’ காதுக் கருவியோடு குழம்பும். ‘திசைமாற்றித் தாங்கி’ பொருள் சரி, ஆனால் காரின் ஸ்டியரிங் நினைவுக்கு வரும். எங்கள் தேர்வு ‘கழுத்துத் தாங்கி’. தலையைத் திருப்புவது கழுத்துதானே! ஹெட் டியூப் கழுத்துக்குழல், ஃபோர்க் கவை என்று மற்றவையும் இயல்பாக வந்து சேரும்; கவை பழைய சொல், கவட்டை அதன் உறவு. கடையில் கேட்கும்போது மட்டும் ஹெட்செட் என்றே சொல்லுங்கள், கூடவே குறியீட்டையும்.

அந்தக் குறியீடுதான் முக்கியம். கேன் கிரீக் நிறுவனம் முன்வைத்துப் பலரும் ஏற்றுக்கொண்ட முறை இது: ‘இசட்எஸ்44/28.6, இசட்எஸ்56/40’. முதல் பாதி மேல்பகுதி, இரண்டாம் பாதி கீழ்ப்பகுதி. எழுத்துக்குப் பின் வரும் எண் கழுத்துக்குழலின் உள்விட்டம், மி.மீட்டரில். சாய்கோட்டுக்குப் பின்னால், மேலே என்றால் கவைத்தண்டின் விட்டம். கீழே என்றால் கவையின் அடியில் வளையம் உட்காரும் இடத்தின் விட்டம். மேலே ஒடுங்கி அடியில் அகலும் கூம்புத் தண்டின் அடிப்பகுதி ஒன்றரை அங்குலம், அதாவது 38.1 மி.மீ. ஆனால் வளையம் உட்காரும் இடம் 39.8; அதனால்தான் குறியீட்டில் 40. பலர் தண்டை அளந்து 38 என்று எழுதிவிட்டு, அப்படி ஓர் உதிரியைத் தேடி அலைவார்கள். நேர்த்தண்டுக்கு அதே இடம் 30.

எழுத்துகள் மூன்று வகை. ‘ஈசி’யில் கிண்ணம் குழலுக்கு வெளியே நிற்கும். ‘இசட்எஸ்’ஸில் கிண்ணம் உள்ளே அழுந்தி, விளிம்பு மட்டும் தெரியும். ‘ஐஎஸ்’ஸில் கிண்ணமே இல்லை, சட்டத்தில் கடைந்த சரிவில் பேரிங் நேராக உட்காரும். குழலுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். சுவர் நேராக இறங்கினால் அழுத்திப் பொருத்தும் வகை, சரிவு தட்டினால் ஐஎஸ். ஐஎஸ் என்றால் கோணத்தையும் பார்க்க வேண்டும். பேரிங்கின் ஓரத்தில் 36×45 அல்லது 45×45 என்று பொறித்திருக்கும். மாற்றிப் போட்டால் பேரிங் முழுப் பரப்பில் படியாது, எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் வரும், நாளடைவில் சட்டத்தின் இருக்கையே தேயும். கிண்ணம் கெட்டால் மாற்றலாம். இருக்கை கெட்டால் சட்டம் போச்சு.

44 மி.மீ. நேர்குழல் கொண்ட எஃகுச் சட்டத்தில் கூம்புத் தண்டுக் கவை போட வேண்டுமா? மேலே இசட்எஸ்44/28.6, கீழே ஈசி44/40. கீழ்க்கிண்ணம் வெளியே நிற்பதால் முன்பக்கம் 12 மி.மீ. போல உயரும், கழுத்துக்குழலின் கோணம் அரை பாகை அளவு சாயும். பழைய 34 மி.மீ. குழலுக்குக் கூம்புத் தண்டு நுழையவே நுழையாது, வழி தேட வேண்டாம். மறுதலையாக, 56 மி.மீ. அடிவாயில் நேர்த்தண்டு நிற்க வேண்டுமானால் இசட்எஸ்56/30 கிண்ணமோ, 40ஐ 30 ஆக்கும் அடிவளையமோ போதும்.

கிண்ணங்களை ஒவ்வொன்றாக, கிரீஸ் தடவி, பிரஸ்ஸால் இறக்குங்கள். சுத்தியலால் அடித்தால் கோணலாக ஏறும். அப்புறம் கடகடவென்ற சத்தம் ஓயாது. தண்டின் நுனி, ஸ்டெம்மின் மேல்விளிம்புக்கோ, அதன் மேல் ஸ்பேசர் வளையம் இருந்தால் அதன் மேல்விளிம்புக்கோ 2 அல்லது 3 மி.மீ. கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் மூடி தண்டில் முட்டிக்கொண்டு பேரிங்கை அழுத்தாது. கார்பன் தண்டில், மேல்மூடியின் போல்ட் பிடிக்கும் நட்சத்திர நட்டை அடிக்கக் கூடாது, விரியும் அடைப்பான் போடுங்கள்.

இறுக்கும்போது ஸ்டெம் போல்ட்டுகள் தளர்ந்திருக்க வேண்டும். மேல்மூடியைச் சிறிது சிறிதாகத் திருகி, முன்பிரேக்கைப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். கீழ்க்கிண்ணமும் கவையும் சேரும் இடத்தில் விரலை வைத்தால் ஆட்டம் தெரியும். ஆட்டம் நின்று, கைப்பிடி தானாகத் திரும்பி விழும் நிலையில் நிறுத்தி, பிறகே ஸ்டெம் போல்ட்டுகளை அதில் பொறித்துள்ள அளவுக்கு, பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டருக்கு, மாறி மாறி முறுக்குங்கள்.