அடி வாங்கி வளர்ந்த கண்கள்

"எனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை, குடிகார அப்பாவிடம் பெல்ட்டால் அடி வாங்கி வளர்ந்தவர். ஜாதகம் பொருந்தியிருக்கிறது, வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். ஆனால் அந்தக் குணம் ரத்தத்தில் ஊறியிருக்காதா? நாளைக்கு என்னையும் அடிக்க மாட்டார் என்று எதை நம்பிச் சரி சொல்வது?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் பயம் நியாயமானது. அதற்கு ஓரளவு உறுதியான பதிலும் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு மாவட்டத்தில், 1967 முதல் 1971 வரை நீதிமன்றத்துக்கு வந்து உறுதியான 908 குழந்தைக் கொடுமை, புறக்கணிப்பு வழக்குகளை கேத்தி விடம் என்ற உளவியலாளர் தோண்டி எடுத்தார். எல்லாக் குழந்தைகளுக்கும் 11 வயது அல்லது அதற்குக் கீழ். வயது, பாலினம், இனம், குடும்ப வருமானம் ஆகியவற்றில் இவர்களை ஒத்த, ஆனால் அப்படி எந்த வழக்கும் இல்லாத 667 பேரையும் ஒப்பிட்டுப் பார்க்க எதிர்ப்பக்கத்தில் வைத்தார். 1989ல் முடிவு வெளியானது. பிற்காலத்தில் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானவர்கள் முதல் குழுவில் நூற்றுக்கு 11 பேர், இரண்டாவதில் 8 பேர். அடிபட்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் ஏறக்குறைய 16. ஓர் அடிகூட விழாமல், கவனிப்பாரின்றி விடப்பட்ட குழந்தைகளிலும் 12க்கு மேல். கவனிக்காமல் விடுவதும் அடியைப் போலவே வடு விடுகிறது என்பதை நம் ஊரில் யாரும் பேசுவதில்லை.

ஆக, ஆபத்து கூடுகிறது. ஆனால் அடிபட்ட நூறு பேரில் எண்பதுக்கு மேற்பட்டவர்கள் எந்த வன்முறை வழக்கிலும் சிக்கவில்லை. ரத்தத்தில் ஊறிய குணம் இப்படி நடந்துகொள்ளாது.

அந்த 'ரத்தம்' என்ற சொல்லையும் இங்கேயே விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிறவிக் குற்றவாளியைத் தாடையையும் காதையும் வைத்து அடையாளம் காணலாம் என்று 1876ல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ சொன்னார். 1913ல் சிறை மருத்துவர் சார்ல்ஸ் கோரிங் 3,000க்கும் மேற்பட்ட ஆங்கிலேயக் கைதிகளை அளந்து பார்த்து, அப்படி ஒரு தனி உடலமைப்பே இல்லை என்று காட்டினார். ஆனால் பிறப்பிலேயே குற்றம் இருக்கிறது என்ற நம்பிக்கை இங்கே 1871லேயே குற்றப் பழங்குடிகள் சட்டமாகிவிட்டது. அந்தச் சட்டத்தின்படி கைரேகை எடுக்க வந்ததை எதிர்த்ததற்காக, 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டு 16 பேர் உயிரிழந்தார்கள். தவறான அறிவியல் ஒரு மூடநம்பிக்கையோடு கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வேறு நாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை.

சரி, ரத்தம் இல்லையென்றால் எது கடத்துகிறது? பல வழிகள் இருக்கின்றன. அடிப்பவரைப் பார்த்து அடிக்கக் கற்பது, வறுமை, குடி, பள்ளியிலிருந்து நிற்பது எல்லாம் தெரிந்தவைதான். அவற்றில் ஒரு வழி மட்டும், பரிசோதனைச் சாலையில் கண் முன்னாலேயே பார்க்கும் அளவுக்குத் தெளிவானது. குழந்தைகள் முகத்தை எப்படிப் படிக்கிறார்கள் என்பது.

கோபம் வரும் முகத்தை நினைத்துப் பாருங்கள். புருவங்கள் இறங்கி ஒன்றையொன்று நெருங்கும். நடுவில் செங்குத்தாக ஒன்றிரண்டு கோடு விழும். கீழ் இமை இறுகும், உதடு அழுந்தி மெலியும். இவையெல்லாம் முழுதாகச் சேர்ந்தபின் 'கோபம்' என்று யாரும் சொல்லிவிடலாம். புருவம் லேசாக அசைந்த அந்தத் தொடக்கத்திலேயே சொல்ல முடியுமா? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேத் போலக்கும் அவருடைய குழுவினரும் இதைத்தான் சோதித்தார்கள். சலனமற்ற முகம் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக உச்ச உணர்ச்சிக்குப் போகும் படங்களை வரிசையாகக் காட்டினார்கள். வீட்டில் அடி வாங்கும் குழந்தைகள் மற்றக் குழந்தைகளுக்கு முன்பே, முகத்தில் மிகக் குறைவான தடயம் இருக்கும்போதே, கோபத்தைக் கண்டுபிடித்தார்கள். அது குருட்டு ஊகம் அல்ல, சரியான விடை. எந்தக் குழந்தையின் பெற்றோர் தங்களுக்குக் கோபமும் பகையுணர்ச்சியும் அதிகம் என்று சொன்னார்களோ, அந்தக் குழந்தையின் கண் அந்த அளவுக்கு வேகமாக இருந்தது.

அதற்கு முன் 2002ல் போலக் செய்த இன்னொரு சோதனை இதைவிட நுட்பமானது. பய முகத்தையும் கோப முகத்தையும் கணினியில் வெவ்வேறு அளவில் கலந்து, அரைப் பயம் அரைக் கோபம் என்பது போன்ற முகங்களை உருவாக்கினார். எந்த இடத்தில் 'பயம்' முடிந்து 'கோபம்' தொடங்குகிறது? மற்றக் குழந்தைகளுக்கு எல்லை ஓரிடத்தில் இருந்தது. அடிபட்ட குழந்தைகளுக்கு அது பயத்தின் பக்கமாக நகர்ந்திருந்தது. மற்றவர்கள் பயம் என்று சொன்ன முகத்தையே இவர்கள் கோபம் என்றார்கள். சோகமும் கோபமும் கலந்த முகங்களிலும் அப்படியே. ஆனால் மகிழ்ச்சியும் சோகமும் கலந்தபோது இரு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. பார்வையில் பழுதில்லை, அறிவில் குறையில்லை. கோபம் என்ற ஒரே ஒரு வகை மட்டும் அகலமாகிவிட்டிருக்கிறது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். 'வலி', 'வழி' இரண்டும் நம் காதுக்கு வேறு வேறு. பிறந்தது முதல் கேட்டுக் கேட்டு, இது முடிந்து அது தொடங்கும் கோட்டை மூளை போட்டுவைத்திருக்கிறது. அந்த ஒலி இல்லாத மொழியில் வளர்ந்தவர் எவ்வளவு உற்றுக் கேட்டாலும் தடுமாறுவார். எது அதிகம் காதில் விழுகிறதோ அதற்கேற்பக் காது பழகுவது போல, எந்த முகம் அதிகம் எதிரில் நிற்கிறதோ அதற்கேற்பக் கண் பழகுகிறது. மூளை செய்வது கற்றல்தான். கொடுமை நடக்கும் வீட்டில் அதற்குக் கிடைக்கும் பாடம் அப்படி.

2011ல் லண்டனில் இமோன் மெக்ரோரி குழுவினர், குடும்ப வன்முறைக்கு ஆளான 20 குழந்தைகளையும் ஆளாகாத 23 குழந்தைகளையும் எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து முகங்களைக் காட்டினார்கள். முகம் ஆணா பெண்ணா என்று மட்டும் சொன்னால் போதும், உணர்ச்சியைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. இருந்தும் கோப முகம் வந்தபோது, வன்முறைக்கு ஆளானவர்களின் மூளையில் ஆபத்தை உணரும் அமிக்டலாவும் முன்பக்க இன்சுலாவும் கூடுதலாகத் துடித்தன. போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்களிடம் காணப்படும் அதே அமைப்பு. இத்தனைக்கும் அந்தக் குழந்தைகளுக்கு மனநோய் எதுவும் இருக்கவில்லை.

வாசலில் வண்டியை ஸ்டாண்ட் போடும் சத்தத்திலேயே, இன்றைக்கு அப்பா எப்படி வந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டு, தங்கையைக் கூட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போகும் பிள்ளைக்கு இந்தக் கூர்மை உயிர்க்கவசம். சிக்கல் அதே பிள்ளை பள்ளிக்குப் போகும்போது வருகிறது. கோப முகத்தில் பட்ட கவனம் இவர்களுக்குச் சீக்கிரம் விலகுவதில்லை என்றும் போலக்கின் 2003ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. முறைத்த முகத்திலேயே கண் ஒட்டிக்கொண்டால், அடுத்த நொடி அவன் "சாரிடா" என்று சொன்னது காதில் விழாது.

இந்த இடத்தில்தான் கென்னத் டாட்ஜ் என்ற அமெரிக்க உளவியலாளர் வருகிறார். 1980ல் அவர் செய்த சோதனையில், பரிசுக்காக ஒரு பையன் புதிர்ப் படத்தைத் துண்டு துண்டாக அடுக்கிக்கொண்டிருப்பான். அடுத்த அறையில் இன்னொரு பையன் அதைக் கலைத்துவிட்டதாகத் தெரியவரும். கலைத்தவன் வேண்டுமென்றே செய்தான் என்று குரலில் தெரிந்தால், முரட்டுப் பையன், சாதுப் பையன் இருவருமே கோபப்பட்டார்கள். உதவப் போய்க் கை தவறியது என்று தெரிந்தால் இருவருமே அடங்கினார்கள். ஏன் கலைந்தது என்று தெரியாதபோது மட்டும் பிரிந்தார்கள். சாதுப் பையன் தற்செயல் என்று எடுத்துக்கொண்டான், முரட்டுப் பையன் பகை என்று எடுத்துக்கொண்டான். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பதை இதைவிடச் சுத்தமாக யாரும் பரிசோதித்ததில்லை.

1990ல் டாட்ஜ் 309 குழந்தைகளை வைத்து இரண்டு முனைகளையும் இணைத்தார். நான்கு வயதில் வீட்டில் அடிபட்டவர்கள் தேவையான தடயங்களைத் தவறவிட்டார்கள், தெளிவில்லாத செயலில் பகையைப் படித்தார்கள், அடிப்பதைத் தவிர வேறு வழி அவர்களுக்குத் தோன்றவில்லை. அடுத்து மழலையர் வகுப்பில் அடிதடி. அதன்பின் சுழல் தானாகச் சுற்றும். இவன் அடிக்கிறான், மற்றப் பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள், ஆசிரியர் இவனையே முதலில் சந்தேகப்படுகிறார், இப்போது உலகம் உண்மையிலேயே பகையாகிவிடுகிறது. முதலில் தப்பாகப் படித்தது பிறகு சரியாகிவிடுகிறது. பத்து வயதில் தொடங்கும் "என்னடா முறைக்கிற?" இருபது வயதில் அரிவாளோடு வரும்போது செய்தித்தாளில் 'முன்விரோதம்' என்று அச்சாகிறது.

சமூகத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். பணிந்துபோனால் ஏறி மிதிக்கும் தெருவில், பகையை முந்திப் படிப்பது தவறே அல்ல. சிகாகோவின் ஏழைப் பகுதிப் பள்ளிகளில் பையன்களுக்காக நடக்கும் 'பிகமிங் எ மேன்' என்ற பயிற்சி இதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறது. வாரம் ஒரு மணி நேரம், மொத்தம் 27 வகுப்புகள் வரை, ஒரு குழுவில் அதிகம் போனால் 15 பேர். முதல் பாடங்களில் ஒன்று: இருவரில் ஒருவன் கையில் பந்து. "30 நொடிக்குள் அதை வாங்கு" என்று மற்றவனிடம் சொல்வார்கள். ஏறக்குறைய எல்லோரும் முறுக்குவார்கள், பிடுங்குவார்கள், மல்லுக்கட்டுவார்கள். முடிந்ததும் நடத்துபவர் கேட்பார்: "கொடு என்று ஏன் யாரும் கேட்கவில்லை?" கேட்டால் கோழை என்று நினைப்பான் என்று பதில் வரும். பந்து வைத்திருந்தவனிடம் திரும்பி, கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா என்றால், கொடுத்திருப்பேனே, வெறும் பந்துதானே என்பான். தானாக எழுந்த எண்ணத்துக்கும் கைக்கும் நடுவில் ஒரு நொடி இடைவெளி போடப் பழக்குவதுதான் மொத்தப் பாடமும். சீட்டுக் குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து நடத்திய இரண்டு ஆய்வுகளில், வன்முறைக் குற்றத்துக்கான கைதுகள் பயிற்சிக் காலத்தில் 45 முதல் 50 சதவீதம் குறைந்தன. பயிற்சி நின்றதும் அந்தப் பலன் மங்கியது.

மங்காமல் இருந்த இடம் ஒன்று உண்டு. லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில், திருட்டிலும் போதைப்பொருள் விற்பனையிலும் இருந்த 999 ஆண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்கு எட்டு வாரம் இதே மாதிரிப் பயிற்சி, சிலருக்கு 200 டாலர், சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை. பத்தாண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோது, இரண்டும் பெற்றவர்களின் சமூக விரோதச் செயல்கள் எதுவும் பெறாதவர்களோடு ஒப்பிட ஏறக்குறைய பாதியாக இருந்தன. பணம் மட்டும் வாங்கியவர்களிடம் அந்தப் பலன் நிலைக்கவில்லை. மனப் பயிற்சியும் வேண்டும், அதைப் பழகிப் பார்க்கக் கையில் கொஞ்சம் காசும் வேண்டும்.

இப்படிப் பத்தாண்டு, இருபதாண்டு காத்திருந்து பார்க்கும் ஆய்வு நமக்கு முடியாததல்ல. வேலூரில் 1969 முதல் 1973 வரை பிறந்தவர்களை இன்றுவரை உடல்நலத்துக்காகத் தொடர்ந்து வருகிறார்கள். மனதுக்கும் அப்படி ஒன்று தேவை. மூன்றாண்டுக்கு நிதி கொடுத்து முடிவு கேட்டால் அது நடக்காது. 'அடியாத மாடு படியாது' என்று சொல்லும் ஆசிரியர்களிடம், கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது என்று சொல்வதோடு, அடி எதைக் கற்றுக்கொடுக்கிறது என்பதையும் நம் ஊர்க் குழந்தைகளின் கணக்கோடு காட்ட முடிய வேண்டும்.

இனி, கேள்வி கேட்ட சகோதரிக்கு. மனைவியை அடிக்கும் கணவர்களையும் அடிக்காதவர்களையும் ஒப்பிட்ட 1993ஆம் ஆண்டு ஆய்வில், மனைவி செய்த ஒரே செயலை விவரித்தபோது அடிப்பவர்கள்தான் அதில் கெட்ட நோக்கத்தை அதிகம் பார்த்தார்கள். பொறாமை, நிராகரிப்பு, நாலு பேர் முன்னால் அவமானம் ஆகிய மூன்றும் கிளறும் இடங்கள். எனவே அவருடைய அப்பாவைப் பார்க்காதீர்கள், செவ்வாய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்றும் பார்க்காதீர்கள். தெளிவில்லாத நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நீங்கள் போனை எடுக்காதபோது, ஓட்டலில் பரிமாறுபவர் சட்டையில் காப்பியைக் கொட்டியபோது, நண்பர்கள் முன்னால் அவர் சொன்னதை நீங்கள் மறுத்தபோது. "வேணும்னேதான் செஞ்சே" என்று முதல் வார்த்தை வருகிறதா, "என்ன ஆச்சு?" என்று கேட்கிறாரா? ஒருமுறை பார்த்தால் போதாது, ஐந்தாறு தடவை கவனியுங்கள். அவருடைய சிறுவயதைப் பற்றி நேராகவே கேளுங்கள். நடந்ததைப் பேச முடிகிறதா, அப்பா செய்தது தப்பு என்று சொல்கிறாரா, அல்லது "அடிச்சதாலதான் உருப்பட்டேன்" என்கிறாரா என்பதையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.